முசியே ஜில்பேரின் முதுகு

முசியே ஜில்பேர் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில், அவருடைய முதுகு அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகச் சைக்கிள் ஓடப் போகத் தொடங்கியது. முதலில் கண்டது எங்கள் ஊர்ப் பாண்கடை மதாம் ஒடெத். காலை வெயிலுக்குக் கடைக் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவ, பழைய மரச் சந்தைக் கொட்டகைப் பக்கமிருந்து தெருவோர மரங்கள் ஒவ்வொன்றாக ஆட்டத்தை நிறுத்துவதையும், நிறுத்தியது கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் ஆடுவதையும், நகரசபைக் கொடி தொங்கிப்போய் மறுபடி எழும்புவதையும், அந்த அசைவில்லாமை ஒரு ஆள் சைக்கிள் உழக்குகிற வேகத்தில் தன் வாசலைத் தாண்டிக் கோதுமை வயல் பக்கம் போவதையும் பார்த்துவிட்டு, "ஜில்பேர் போறார்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் அடுத்த தட்டுப் பாணை அடுப்பிலிருந்து இறக்கினா.

அது அவருடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் காற்றை மறைக்கிற முதுகு இந்தச் சமவெளியில் வேறு ஆருக்கும் இல்லை.

நான் வன்னியில் பிறந்தவள், தட்டை நிலம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே பனை இருக்கும், பற்றை இருக்கும், ஆரோ ஒருவருடைய வேலி இருக்கும். இங்கே மேசையைத் துடைத்துவிட்டதுபோல நிலம். நடுத்தெருவில் நின்றால் சுற்றியுள்ள ஊர்களின் மாதாகோயில் கூம்புகள் எல்லாம் தெரியும்; ஒரு ஊரில் மணி அடித்தால் மற்ற ஊரில் நேரம் பார்ப்பார்கள். கோதுமை, அது வெட்டினால் சீனி எடுக்கிற சீனிக்கிழங்கு, அதற்குமேல் காற்று. மலையில்லாத ஊருக்குக் காற்றுத்தான் மலை என்று இங்கத்தைய சைக்கிள்காரர் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூட்டமாக வருவார்கள், கூரை போன பழைய கோபுரத்தையும் தானியம் போட்டுவைத்த பெரிய கல்லுக் கொட்டிலையும் கடந்து, ஒருவர் சில்லுக்குப் பின்னால் ஒருவர் சில்லை ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னுக்குப் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்குவார், பின்னுக்கு வருகிறவர்கள் அவருடைய மறைவில் இளைப்பாறிக்கொண்டு உழக்குவார்கள். முன்னுக்குப் போனவர் களைத்தால் வலது முழங்கையைக் கோழி கலைக்கிற மாதிரி ஒருதரம் வெளியே தட்டுவார். உடனே அடுத்தவர் முன்னுக்கு வருவார். வராமல் பதுங்கிக்கொண்டே வருகிறவரை அவர்கள் ஞாயிறு முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்துப் பார்த்து நான் இதை அறிந்தேன்.

முசியே ஜில்பேர் மட்டும் ஒருநாளும் முழங்கையைத் தட்டினதில்லை. காலையில் முன்னுக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் அவர்தான் முன்னுக்கு. கதவு மாதிரி முதுகு. அவருடைய கூட்டாளி லூசியன் சொல்வார், "அவனுக்குப் பின்னால சிகரெட் பத்தலாம், பேப்பர் வாசிக்கலாம், ஆனா இடம் மட்டும் கேட்டிடக் கூடாது, கோவம் வந்திடும்." அப்பேர்ப்பட்ட மனுசன் குசினியில் சிந்தின சூப்பில் வழுக்கித்தான் விழுந்தார். ஊருக்கு, நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது என்று சொல்லிவைத்திருந்தார்.

எனக்கு அந்த முதுகால் நடந்ததைச் சொல்லுவதென்றால் என் பிள்ளையின் நெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். அபிராவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். பாரிசுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த அறையில் சுவர் முழுக்கப் பூஞ்சணம். துடைக்கத் துடைக்கக் கறுத்துக்கொண்டு வரும். இரவெல்லாம் அவளுடைய நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருக்கும். இந்த அறையை விடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை மிஞ்சாது என்று டொக்டர் சொன்னபிறகு, இந்த ஊரில் ஒரு சின்ன வீடு கிடைத்து வந்தோம். இவர், என் மனுசன், பாரிசிலேயே ரெஸ்ரோரண்டில் வேலை, திங்கட்கிழமைகளில் வருவார். வீட்டை வைத்திருப்பதென்றால் நானும் வேலைக்குப் போக வேண்டும். எனக்குக் கிடைத்த வேலை பக்கத்து ஊரான மொந்திரோலில், விழுந்து கிடக்கிற முசியே ஜில்பேருக்குச் சமைத்து, வீடு துடைத்து, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிற வேலை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார், அப்படியொரு இடம் வேறெங்கும் கிடையாது. பஸ் இல்லை. ஆரோ தந்த சைக்கிளில் பின்னுக்குப் பிள்ளைக் கதிரை பூட்டிக்கொண்டு முதல்நாள் புறப்பட்டேன். வழியிலிருக்கிற கல்லுச் சிலுவையடிக்குப் போகமுதலே காற்று நாலு பக்கமும் வந்து அபிராவின் வாயை நிரப்பி, பூனைக்குட்டி கத்தத் தொடங்கிவிட்டது. என் முதுகு மெலிசு. ஒரு பிள்ளையை மறைக்க அது போதவில்லை. றோட்டோரம் இறங்கி அவளுக்கு மூச்சு மருந்து அடித்து, திரும்பி உருட்டிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் அந்தச் சுவருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

பாண் வாங்கப் போன இடத்தில் மதாம் ஒடெத் முகத்தைப் பார்த்துக் கேட்டா. தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்கோ அழுகிறீர்? காலமை எட்டரைக்கு வாரும், ஜில்பேர் அப்பத்தான் திரும்பிப் போறவர், அவருக்குப் பின்னால போம்" என்றா, பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல.

இவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, நான் நாளைக்கு வேலைக்குப் போறன்."

"பிள்ளையை என்ன செய்வீர்? காத்தெல்லே."

"முசியேன்ட முதுகுக்குப் பின்னால போகலாமாம்."

அந்தப் பக்கம் சட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. "ஆரின்ட முதுகு?"

"முசியே ஜில்பேரின்ட."

"அவர் கட்டில்ல எல்லே கிடக்கிறார்."

"அவர் கட்டில்ல. முதுகு றோட்டில."

சட்டியை எடுத்துவைக்கிற சத்தமும் கேட்டது. "சரி, பிள்ளைக்குத் தொப்பி போட்டுவிடும்" என்றார்.

அடுத்தநாள் காலை மரங்கள் அசைவை நிறுத்திக்கொண்டு வரக் காத்து நின்று, நிறுத்தம் என்னைத் தொட்டதும் உழக்கினேன். இரண்டு பக்கமும் கோதுமை கடல் மாதிரி அலை அடிக்க, நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு அசையாத இடம் றோட்டால் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் நானும் பிள்ளையும் இருந்தோம். உள்ளே அவருடைய சேட்டு வாசமும், முழங்காலுக்குப் பூசுகிற கற்பூர எண்ணெய் வாசமும் இருந்தது. அபிரா பின்னால் இருந்து பிஸ்கட் தின்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மொந்திரோலில் முசியே கட்டிலில் கிடந்தபடி கேட்டார், "மதாம் சுதா, எப்படி இருக்கிறான் என்ட முதுகு?" வேலைக்கு அனுப்பினவர்கள் என் மனுசனுடைய பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், சுதாகரன் என்பது முசியேக்கு வாயில் வராதபடியால் நான் மதாம் சுதா.

"நல்லா இருக்கிறார், முசியே."

"என்னைப் பற்றிக் கேட்டானோ?"

"இல்லை, முசியே."

"கேக்க மாட்டான். நன்றி கெட்டவன்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்து, இடுப்பு விடாமல், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கோடை முழுக்க இரண்டு ஊரும், காலையும் பின்னேரமும் வந்துபோகிற அந்த முதுகைப் பழகிக்கொண்டன. மதாம் ஒடெத் மொந்திரோலுக்குப் பாண் கூடையை மூடாமல் கொண்டுபோனா. தபால்காரர் கடிதங்களை அதற்குள் வைத்துத்தான் பிரித்து அடுக்கினார். ஒரு கலியாணப் பெண் தன் முகத்திரை பறக்கக் கூடாதென்று கோயிலுக்குக் கால்நடையாகப் போகாமல், வெள்ளை உடுப்போடு சைக்கிளில் ஏறி அதன் பின்னால் போனாள். மாப்பிள்ளை காற்றில் அகப்பட்டுத் தலை கலைந்து வந்தார், படத்தில் இருக்கிறது. மெழுகுதிரி ஊர்வலமும் அதன் பின்னால் போனது, ஒரு திரியும் அணையவில்லை. முதுகை ஆசீர்வதிக்கலாமா என்று கேட்டதற்குப் பாதிரியார், சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார், அவர் சம்மதித்தால் செய்யலாம் என்றார். முசியே சம்மதித்தார், ஆனால் தண்ணி தெளிக்கக் கூடாது, தடிமன் பிடிக்கும் என்றார்.

கல்லுச் சிலுவையடியில் ஒரு விசயம் நடக்கும். அந்த இடம் வந்ததும் மறைவின் வலது பக்கத்தால் ஒரு சின்னக் காற்று பட்டென்று வந்து கன்னத்தில் படும். பிறகு தானியக் கொட்டிலடியில் ஒன்று. "ஜில்பேர் கும்பிடு போடுறார்" என்று மதாம் ஒடெத் சொன்னா. எல்லாரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் வர ஆம்பிளையள் தொப்பியைத் தூக்குவார்கள், பொம்பிளையள் "பொன்சூர் ஜில்பேர்" என்பார்கள், நானும் சின்னக் குரலில் சொல்வேன். லூசியனும் தொப்பி தூக்கினார். மேயர் இன்னும் ஒருபடி மேலே போய், இப்பேர்ப்பட்ட மனுசனை ஆரும் அவமதிக்கக் கூடாதென்று, முந்திப் போக வேண்டாம் என்று றோட்டோரம் பலகை நாட்டினார். அதை வாசித்து எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வன்னியில் சங்கக் கடையிலும், முகாமில் தண்ணிக்கும், இங்கே விசா ஒபீசிலும் பின்னுக்கு நின்று பழகினவள் நான். முந்தாதே என்று எழுதியிருக்கிற றோட்டில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

கோதுமை வெட்டியாயிற்று. சீனிக்கிழங்கு லொறிகள் றோட்டைச் சேறாக்கத் தொடங்கின. காற்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லைக் காட்டியது, முதுகு சிறுக்கத் தொடங்கியது. பாய் அகலம் இருந்தது கதவு அகலமாயிற்று. கதவு, யன்னலாயிற்று. தபால்காரருடைய கடிதம் ஒன்று பறந்து கிழங்கு வயலுக்குள் போனது. வேகமும் குறைந்துவிட்டது, நடந்து போகிற ஊர்க் கிழவர் ஒருவர்கூட அதற்கு முன்னால் போய்விடக் கூடாதென்று நின்று நின்று நடந்தார். எல்லாரும் இன்னும் மரியாதையாக, இன்னும் மெதுவாக, இன்னும் ஒடுங்கிக்கொண்டு அதன் பின்னால் போனார்கள்.

வீட்டில் முசியேயும் வாடிக்கொண்டு போனார். எலும்பு பொருந்திவிட்டது, எழும்பி நடக்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஆனால் அவரால் கால் தூக்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. மூன்று பேருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டும் மெலிந்தார்.

"கட்டில்ல கிடக்கிற எனக்கு ஏன் மதாம் சுதா கால் உளையுது?"

"நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் போய் வாறீங்கள்" என்றேன்.

"நானோ? நான் இஞ்ச கிடக்கிறன். போறவன் அவன்."

ஒருநாள் மத்தியானம் சூப்பைக் கொண்டுபோனபோது அவர் நித்திரையாகிவிட்டார். அபிரா கட்டிலடியில் இருந்து அவருடைய செருப்புக்குள் தன் பொம்மையைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். நித்திரையில் அவருடைய வலது முழங்கை போர்வைக்கு வெளியே வந்தது. கோழி கலைக்கிற மாதிரி ஒருதரம் தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம்.

நான் சூப்புக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சிலுவையடியில் கன்னத்தில் பட்ட காற்று அதுதான். கொட்டிலடியில் பட்டதும் அதுதான். கோடை முழுக்க அந்த மனுசன் இடம் மாற ஆள் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார், நாங்கள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிருக்கிறோம்.

கண் விழித்தவரிடம் கேட்டேன். "முசியே, நித்திரையில முழங்கையைத் தட்டினீங்கள்."

"நுளம்பாயிருக்கும்."

"குளிர் காலத்தில நுளம்பு இல்லை, முசியே."

"மதாம் சுதா, முப்பது வருசம் நான் ஆரிட்டையும் கேட்டதில்லை. சூப் ஆறுது, தாரும்" என்று சொல்லிக் கோப்பையை வாங்கி முகத்தை அதற்குள் மறைத்துக்கொண்டார்.

அடுத்தநாள் காற்று பக்கவாட்டில் வந்தது. புறப்படும்போதே முதுகு ஒரு தலையணை அளவுக்குத்தான் இருந்தது. அதை அபிராவுக்கு விட்டுவிட்டு நான் வெளியே சரிந்துகொண்டு உழக்கினேன். பின்னால் மதாம் ஒடெத், லூசியன், தபால்காரர், வேலைக்குப் போகிற இரண்டு மூன்று பேர் வரிசையாய். பலகையடியைத் தாண்டினோம். தலையணை கைக்குட்டையாயிற்று. அப்போது அபிராவின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மெதுவாக எழும்பிக் கத்தியது.

சிலுவையடி வந்தது. கன்னத்தில் பட்டென்று பட்டது. அது அன்று அவ்வளவு மெல்லிசு, பிள்ளையொன்று முந்தானையைப் பிடித்து இழுக்கிற அளவுதான். எனக்குப் பின்னால் எல்லாரும் தொப்பியைத் தூக்குவதும் பொன்சூர் சொல்வதும் கேட்டது.

திரும்பி வீட்டுக்கு உருட்டலாம் என்று நினைத்தேன். திரும்பினால் அந்தச் சுவர் இருக்கிறது. ஹாண்டிலை இடப்பக்கம் கொஞ்சம் சரித்து, சீற்றை விட்டு எழும்பி நின்று உழக்கினேன்.

"மதாம், முந்தக் கூடாது" என்று மதாம் ஒடெத் கத்தினா. "பலகை பாக்கேல்லையோ?"

"பாத்தனான்" என்றேன், ஆருக்கும் கேட்டிராது.

கற்பூர எண்ணெய் வாசத்துக்குள்ளால் ஒரு ஈரச் சாக்கை விலக்கிக்கொண்டு போவதுபோலப் போய் வெளியே வந்தேன். வந்ததும் காற்று முழுவதும் என் முகத்தில். அந்தச் சமவெளியில் இருந்த காற்றெல்லாம், கடலிலிருந்து ஒரு வேலியும் தடுக்காமல் வந்த காற்றெல்லாம், எனக்காகவே நின்றதுபோல வந்து நெஞ்சில் ஏறி இருந்தது. கண் தண்ணி காதுக்குள் ஓடியது. உழக்கினேன். ஒரு கோயில் கூம்பை மட்டும் பார்த்துக்கொண்டு உழக்கினேன். அப்போது என் முதுகில் ஏதோ இளஞ்சூடாக வந்து சாய்ந்தது, நாள் முழுக்கப் பாரம் சுமந்த ஆள் சுவர் கண்ட இடத்தில் சாய்வதுபோல. எனக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளையின் நெஞ்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

அந்த நிமிசம் எனக்கு உயிர் போய் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அபிரா தொப்பி நழுவினபடி, பிஸ்கட் கையில் இருக்க, வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மதாம் ஒடெத்தின் கழுத்துத் துணி நேராகத் தொங்கியது. லூசியனின் மீசை அசையவில்லை. அவர்கள் எல்லாரும், சைக்கிள்களோடு, ஒரு அறைக்குள் இருப்பதுபோல என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள்.

கொட்டில் வரைக்கும் நான்தான் போனேன். அதற்குமேல் கால் விடவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. வலது முழங்கையை, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் தெரியாத அளவுக்கு, ஒரு சின்னத் தட்டுத் தட்டினேன்.

லூசியன் அதைக் கண்டுவிட்டார். தன்னையே ஏதோ கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டு முன்னுக்கு வந்தார். என்னைக் கடக்கும்போது, "கும்பிடு எண்டெல்லே நினைச்சம், மதாம்" என்றார். அவருக்குப் பிறகு தபால்காரர் போனார். மதாம் ஒடெத் பாண் கூடையோடு போனா, போகும்போது, "சொல்லியிருக்கலாம் தானே, மனுசன்" என்று காற்றைப் பார்த்து ஏசிக்கொண்டு போனா. மொந்திரோல் கோயிலடிக்கு வரும்போது மறைவு திரும்பவும் பாய் அகலத்துக்கு வந்திருந்தது.

வீட்டுக்குள் போனேன். முசியே கட்டில் ஓரத்தில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார், ஆரும் பிடிக்காமல்.

"கால் உளைவு நிண்டிட்டுது" என்றார், முறைப்பாடு சொல்வதுபோல. "ஆர் முன்னுக்குப் போனது?"

"நான், முசியே."

"எத்தினையாம் கியரில?"

"என்ட சைக்கிள்ல கியர் இல்லை, முசியே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதுகைப் பார்க்க வேண்டும் என்பதுபோல எட்டியும் பார்த்தார். பிறகு முட்டை இரண்டு பொரிக்கச் சொன்னார். மேயர் அந்தப் பலகையைப் பிடுங்கவில்லை, எழுத்தை மட்டும் மாற்றினார்: இடம் மாறவும்.

இரவு இவருக்குச் சொன்னேன். "அப்ப நீர் முன்னுக்குப் போனீரோ?" என்று இரண்டுதரம் கேட்டார். "ஓம்" என்றேன். "எனக்கு முன்னால ஒருக்காலும் போனதில்லை" என்றார். "நீங்கள் சைக்கிள் ஓடுறேல்லைத் தானே" என்றேன்.

எண்ணெய்க் கடுகான கொல்சா பூத்து வயலெல்லாம் மஞ்சளாகின நாளில் முசியே ஜில்பேர் திரும்பவும் சைக்கிளில் ஏறினார். முதுகு அவரிடம் முழுதாகத் திரும்பி வரவில்லை. இப்போது அது ஆர் முன்னுக்குப் போகிறார்களோ அவரிடம் இருக்கும். அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் எங்களோடு வருவார், அபிராவின் கதிரைக்குப் பின்னால், தன்னுடைய முதுகின் மறைவிலேயே. அவள் அவருக்குப் பாதி பிஸ்கட் நீட்டுவாள், அவர் ஓடிக்கொண்டே எட்டி வாங்குவார். கல்லுச் சிலுவையடியில் நான் முழங்கையைத் தட்டினால் கோயில் கூம்பைப் பார்த்துக்கொண்டு காணாத மாதிரி வருவார்.

"முசியே, உங்கட முறை."

"இன்னும் கொஞ்சத் தூரம் போம், மதாம் சுதா. இஞ்ச நல்லா இருக்கு."

நானும் போவேன். காற்று முகத்தில் அடிக்கும். பழக்க தோசத்தில் காதைப் பின்னுக்குக் கொடுத்துப் பார்ப்பேன், அவளுடைய நெஞ்சிலிருந்து ஏதாவது கேட்கிறதா என்று. ஒன்றும் கேட்காது.